எல்லை தாண்டி வரும் பென்ஷன்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பழைய சாலையில் பேருந்தில் போகிறவர்கள் நாற்பது கிலோமீட்டருக்குள் மாநில எல்லையைப் பல தடவை கடக்கிறார்கள். கோலியனூர், வளவனூர் வரை தமிழ்நாடு. மதகடிப்பட்டில் புதுச்சேரி ஆரம்பித்துவிடும், திருபுவனையும் புதுச்சேரிதான். கண்டமங்கலம் வந்தால் மறுபடி விழுப்புரம் மாவட்டம். அரியூரில் திரும்பவும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் சண்டை போட்டும் பேரம் பேசியும் பங்கு பிரித்துக்கொண்ட கிராமங்கள் இவை. அவர்கள் போய் இத்தனை காலம் ஆகியும் அந்தப் பங்கு அப்படியே இருக்கிறது. பல இடங்களில் ஒரு வயல் வரப்புதான் எல்லை.

அந்த வரப்புக்கு இந்தப் பக்கம் இருக்கும் பாட்டிக்குத் தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாய் ஆனது. அந்தப் பக்கம் இருக்கும் பாட்டிக்குப் புதுச்சேரி அரசு அதைவிடக் கூடுதலாகத் தருகிறது. இருவரும் ஒரே கழனியில் நாற்று நட்டவர்களாக இருக்கலாம். ரேஷன் கார்டில் எந்த ஊர் இருக்கிறதோ அதை வைத்துத்தான் பணம். இந்த உதவித்தொகை குடியிருக்கும் மண்ணோடு கட்டப்பட்டது, ஆள் வரப்பைத் தாண்டினால் பணம் கூடவே தாண்டாது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் இந்தப் பக்கம் புறப்பட்டதே பென்ஷன் பற்றி விசாரிக்கத்தான். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் இரண்டு கேள்வியில் ஒன்று கட்டாயம் வரும். வெளிநாட்டில் உழைத்து ஓய்வு பெற்றவர் ஊரோடு வந்து தங்கிவிட்டால் அந்த நாட்டுப் பென்ஷன் தொடர்ந்து வருமா? இங்கே அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பிள்ளையோடு அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ போய் இருந்தால் இங்கத்திய பென்ஷன் நின்றுவிடுமா? இரண்டுக்கும் அரைகுறைப் பதில்களை நம்பி, வர வேண்டிய பணத்தை விட்டவர்களும் உண்டு, வரவே வராத பணத்தை நம்பி வீடு கட்ட ஆரம்பித்தவர்களும் உண்டு. தமிழர்களில் இந்தச் சிக்கலை வெகுகாலமாக அனுபவித்து வருகிறவர்கள் புதுச்சேரியின் பிரெஞ்சுப் பென்ஷன்காரர்கள். ஆகவே அவர்களிடமிருந்து தொடங்குவதுதான் முறை என்று பட்டது.

விழுப்புரம் சந்திப்பிலிருந்து புதுச்சேரிக்கு 1879இல் ரயில் பாதை போட்டார்கள். பாசஞ்சர் வண்டி வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்று நின்று நின்று போகிறது. நான் வில்லியனூரில் இறங்கி மேற்கே உள்ளடங்கி இருக்கும் கீழூருக்கு ஆட்டோவில் போனேன். சின்ன ஊர். 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சு இந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர்வதற்கு 170 பேர், எதிராக 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28. ஆனால் அல்ஜீரியப் போர் முடிந்த பிறகுதான் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்றது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் கீழூர் நினைவிடத்தில் கொடி ஏற்றுகிறார்கள்.

விடுதலையின் நினைவாகத்தான் இந்த இடத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். எனக்கு அந்த ஒப்பந்தத்தின் குடியுரிமைப் பிரிவுகள்தான் மனதில் ஓடின. 1962 ஆகஸ்ட் 16 அன்று நீ எங்கே பிறந்தவன், எங்கே குடியிருக்கிறாய் என்ற இரண்டு கேள்விக்கும் கிடைத்த பதில் லட்சக்கணக்கானவர்களின் நாட்டைத் தீர்மானித்தது. பிரெஞ்சுப் பகுதியில் பிறந்து அங்கேயே, அல்லது இந்தியாவின் வேறு பகுதியில் குடியிருந்தவர் அன்றோடு இந்தியக் குடிமகன். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதே ஊரில் பிறந்து அன்றைய தேதியில் மூன்றாவது நாடு ஒன்றில் குடியிருந்தவர் எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, பிரெஞ்சுக் குடியுரிமை தானாகத் தொடர்ந்தது.

திருபுவனையில் பிறந்த அண்ணன், தம்பி இருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அண்ணன் சைகோனில் வேலைக்குப் போய் அங்கேயே குடும்பமாகத் தங்கியிருக்கிறார். தம்பி ஊரில் மாடு கன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் தூங்கி எழுந்தபோதும் பிரெஞ்சுக்காரர். தம்பி தூங்கி எழுந்தபோது இந்தியர். தம்பிக்கு ஆறு மாத அவகாசம் இருந்தது. அந்தக் காகிதத்தின் மதிப்பு என்ன என்று மண்வெட்டியோடு நின்ற எத்தனை பேருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? சுமார் 5,000 பேர்தான் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் பெரும்பங்கினர் பட்டாளத்திலும் அரசு அலுவலகத்திலும் இருந்தவர்கள், அவர்கள் குடும்பத்தார். பாரீஸ் புறநகர்களில் இன்றைக்கு வாழும் பாண்டிச்சேரித் தமிழர்களில் பலருடைய கதை அந்த ஆறு மாதத்தில் தொடங்குகிறது.

அப்படிக் கையெழுத்துப் போட்ட வீட்டைச் சேர்ந்த ஒரு பெரியவரை வில்லியனூர் பக்கத்தில் சந்தித்தேன். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யோசிப்பார்கள். "சொல்தா வீடு", அதாவது சிப்பாய் வீடு, என்று கேட்டால் சின்னப் பையன்கூடக் கை காட்டுவான். வாசலில் வேப்பமரம், உள்ளே மோசைக் தரை, சுவரில் ராணுவ உடையில் இளவயதுப் படம். இருபது வயதில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து மார்செயிலும் ஜிபூத்தியிலும் இருந்திருக்கிறார். அந்தக் காலத்தில் அதிகாரி அல்லாத சிப்பாய்க்குப் பதினைந்து வருடம் முடிந்தாலே ராணுவப் பென்ஷன் உண்டு. முப்பத்தைந்து வயதில் பென்ஷனோடு வெளியே வந்து, பாரீஸ் பக்கத்தில் கிடங்குக் காவலராகப் பல வருடம் வேலை பார்த்து, அந்த வேலைக்கு வேறொரு பென்ஷனும் வாங்குகிறார்.

"ரெண்டும் வருதுங்களா ஐயா, இங்க இருந்தாலும்?" என்று கேட்டேன்.

"வருது தம்பி. நான் வேல செஞ்ச துட்டு. நான் எங்க உக்காந்திருந்தா அவங்களுக்கு என்னா? ஆனா காகிதம் கேட்டா குடுத்துடணும். நாள் தவறக் கூடாது."

அவர் காகிதம் என்றது உயிர்வாழ் சான்றிதழை. பிரான்சுக்கு வெளியே இந்தியா போன்ற நாடுகளில் வாழும் ஓய்வூதியர் தான் உயிரோடு இருப்பதை ஆண்டுக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டும். முன்பு ஒவ்வொரு பென்ஷன் நிதியும் தனித்தனியாகக் கடிதம் போடும். மூன்று பென்ஷன் என்றால் மூன்று படிவம், மூன்று கையெழுத்து, மூன்று பதிவுத் தபால். 2019 முதல் ஒரே சான்றிதழை எல்லா நிதிகளும் ஏற்றுக்கொள்கின்றன. எந்த நாட்டில் எந்த அதிகாரி கையெழுத்துப் போடலாம் என்று பட்டியலும் இருக்கிறது. முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் செல்போன் செயலியும் வந்துவிட்டது. குறித்த நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் பென்ஷனை நிறுத்தி வைப்பார்கள். பிறகு சான்று போனதும் நிலுவையோடு வரும். ஆனால் அந்த இடைப்பட்ட மாதங்களில் மருந்துக் கடைக்குக் கடன் சொல்ல வேண்டியவர் எண்பது வயதுக்காரர்.

அவர் அலமாரியைத் திறந்து ஒரு பழைய ரெக்சின் பையை எடுத்தார். பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, குடும்பப் புத்தகம், படைச்சேவைச் சான்று, ஒவ்வோர் ஆண்டும் அனுப்பிய உயிர்வாழ் சான்றிதழின் நகல். மனைவியையும் கூப்பிட்டு எது எங்கே இருக்கிறது என்று அவர் வாயாலேயே என்னிடம் சொல்ல வைத்தார். அதற்கான காரணத்தை அந்த அம்மா உள்ளே போன பிறகு சொன்னார். ராணுவப் பென்ஷனில் சரிபாதி, கணவர் காலமானபின் மனைவிக்கு வரும். ஆனால் அவர் மனைவிதான் என்று பிரெஞ்சுப் பதிவேடு சொல்ல வேண்டும். கண்டமங்கலத்திலோ வளவனூரிலோ பெண் எடுத்து, கோயிலில் தாலி கட்டி, கல்யாணத்தை எந்தப் பதிவேட்டிலும் ஏற்றாமல் விட்ட குடும்பங்கள் இந்தப் பகுதியில் பல. ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவர், அவர் பெற்ற பிள்ளைகள் எல்லாம் கண் முன்னால் இருப்பார்கள், காகிதம் மட்டும் இருக்காது. இந்தப் பயணத்தில் என்னை மிகவும் வருத்திய விஷயம் இதுதான். பென்ஷன் வாங்கும் ஆண்கள் தங்கள் உயிருக்கான சான்றை வருடம் தவறாமல் அனுப்புகிறார்கள். மனைவிக்கான சான்றை இருக்கும்போதே சரிசெய்து வைக்கிறவர் குறைவு. பெயரும் ஒரு தொல்லை. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பெண்ணுக்கோ தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும்தான். ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிச் சான்றிதழில் வேறு எழுத்து. அதைச் சரிசெய்ய வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் பல மாதப் பென்ஷனைத் தின்றுவிடும்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போரில் மாண்ட வீரர்களின் நினைவுச் சின்னத்தைப் பார்க்காமல் யாரும் வருவதில்லை. ஜூலை 14 அன்று பிரெஞ்சுத் துணைத் தூதரும் முன்னாள் படைவீரர்களும் அங்கே மலர் வைப்பார்கள். மார்பில் பதக்கம் தொங்க, வெயிலில் நிமிர்ந்து நிற்கும் அந்த வயதானவர்களைப் பார்த்துச் சுற்றுலா வந்தவர்கள் படம் எடுப்பார்கள். அவர்கள் வாங்கும் பென்ஷனுக்குப் பின்னால் ஒரு நீண்ட அநியாயத்தின் வரலாறு இருப்பது படம் எடுப்பவர்களுக்குத் தெரியாது.

1959 டிசம்பர் 26ஆம் தேதிய பிரெஞ்சு நிதிச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, தன் ஆட்சியிலிருந்து விடுபட்டுப் போன நாடுகளின் குடிமக்களுக்குக் கொடுக்கும் ராணுவ, அரசுப் பென்ஷன்களை அன்றைய தொகையிலேயே உறைய வைத்தது. ஒரே பதுங்கு குழியில் கிடந்த இரண்டு சிப்பாய்களில் பிரெஞ்சுக் குடிமகனுக்குப் பென்ஷன் ஆண்டுதோறும் ஏறியது, மற்றவருக்கு 1960களின் தொகை அப்படியே நின்றது. செனகலைச் சேர்ந்த அமது தியோப் என்ற முன்னாள் காவல்படை சார்ஜன்ட்டின் வழக்கில், இது பாகுபாடு என்று பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2001 நவம்பர் 30 அன்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு அரசு என்ன செய்தது என்பது முக்கியம். தேசத்தைப் பார்ப்பதை நேரடியாகச் சொல்லாமல், எந்த நாட்டில் குடியிருக்கிறாரோ அந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்ற தொகை என்று 2002இல் ஒரு கணக்குப் போட்டது. நீ யார் என்ற கேள்வியின் இடத்தில் நீ எங்கே இருக்கிறாய் என்ற கேள்வி வந்து உட்கார்ந்தது. 2010 மே 28 அன்று பிரான்சின் அரசியலமைப்பு மன்றம் இதையும் தள்ளியது. ஒரே வெளிநாட்டில் குடியிருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பிரெஞ்சுக்காரர் அல்லாதவருக்கும் வேறு வேறு தொகை கொடுக்க முடியாது என்றது. 2011 ஜனவரி முதல் தொகைகள் சமமாயின. அதற்குள் ஐம்பது ஆண்டு ஓடிவிட்டது. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் சண்டை போட்டவர்களில் எத்தனை பேர் அன்று உயிரோடு இருந்திருப்பார்கள்? சட்டம் திருந்தியதில் மகிழ்ச்சிதான், ஆனால் உரியவர் இறந்தபின் வரும் நியாயத்தை நியாயம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் பேருந்து பிடித்தேன். கோரிமேடு தாண்டினால் தமிழ்நாடு. மொரட்டாண்டி சுங்கச்சாவடி, திருச்சிற்றம்பலம் கூட்டுரோடு, தைலாபுரம், கிளியனூர் என்று ஊர்கள் வரும். அதற்கப்பால் ஓமந்தூர், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1947 முதல் 1949 வரை இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஊர். சாலைக்கு இரண்டு பக்கமும் கரும்பு, மணிலா, சவுக்கு. சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே அங்கங்கே புது மாடி வீடுகள். சில வீடுகளின் ஜன்னல்கள் எல்லாம் மூடியிருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஓய்வுக்காலத்துக்கென்று கட்டி வைத்தவை.

கிளியனூர் அருகே அப்படி ஒரு வீட்டுக்குத் திரும்பி வந்திருந்த தம்பதியைப் பார்க்க ஒரு நண்பர் அழைத்துப் போனார். பாரீஸின் வடக்குப் புறநகரில் முப்பது வருடம் இருந்தவர்கள். கணவர் உணவகத்தில் சமையல் வேலை, பல வருடம் முதலாளி சந்தா கட்டாமலேயே வேலை வாங்கியிருக்கிறார். ஆகவே உழைத்த வருடம் அதிகம், கணக்கில் ஏறிய வருடம் குறைவு, பென்ஷனும் குறைவு. அங்கே முதியவர்களுக்குக் குறைந்தபட்ச வருமானம் கிடைக்கும்படி அரசு மேல்தொகை போட்டுத் தருகிறது. தனியாக வாழ்பவருக்கு 2025இல் எல்லாம் சேர்த்து மாதம் 1,034 யூரோ வரை கிடைத்தது. இவருக்கும் அந்த மேல்தொகை வந்தது. பாதி வருடம் அங்கே, பாதி வருடம் இங்கே என்று இருக்கலாம் என நினைத்துத்தான் வீட்டைக் கட்டினார்கள். ஆறு மாதத்துக்கு மேல் பிரான்சில் இருந்தால் போதும் என்று அப்போது இருந்தது. 2023 செப்டம்பர் 1 முதல் ஒன்பது மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள்.

"பென்ஷன் நிக்காது, அது என் சந்தா. மேல போட்டுக் குடுத்தாங்க பாருங்க, அது நின்னுபோச்சு. அதான பெரிய தொகை" என்றார்.

அந்த அம்மா அதுவரை பேசவில்லை. "முழங்கால் ஆபரேஷன் அங்கதான் பண்ணணும்னு இருந்தேன், அதுவும் இப்ப எப்படின்னு தெரியல" என்றார். அவருக்குக் கவலைப்படக் காரணம் இருக்கிறது. பிரான்சைவிட்டு நிரந்தரமாக வந்துவிட்ட ஓய்வூதியர் அங்கே தற்காலிகமாகப் போகும்போது மருத்துவச் செலவு கிடைக்க வேண்டுமென்றால் பொதுவாகப் பதினைந்து வருடச் சந்தா இருக்க வேண்டும். அவர்கள் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள். இப்படிப்பட்டவர்களுக்கென்றே பிரான்சில் 1998 முதல் 'ஓய்வூதியர்' என்ற குடியிருப்பு அட்டை உண்டு. பத்து வருடம் செல்லும். ஒவ்வொரு தடவையும் ஒரு வருடத்துக்கு மிகாமல் தங்கிவரலாம், விசா வேண்டாம். ஆனால் அது வெளிநாட்டில் குடியிருப்பவருக்கான அட்டை. அதை வாங்கிக்கொள்பவர், நான் இனி பிரான்சில் குடியிருப்பவன் அல்ல என்று ஒப்புக்கொள்கிறார், குடியிருப்பைப் பார்த்துத் தரும் எல்லாமே அத்தோடு போகும். எந்த அட்டையை வாங்குவது, எதைத் திருப்பிக் கொடுப்பது என்பதை ஊருக்கு மூட்டை கட்டும் முன்பே உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். திருப்பிக் கொடுத்துவிட்டால் மறுபடி வாங்குவது எளிதல்ல.

மதகடிப்பட்டு வரப்பில் பார்த்த அதே சட்டம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. உழைத்துச் சந்தா கட்டிய பென்ஷன் ஆளோடு விமானம் ஏறி வரும். இல்லாதவர் என்று அரசு இரங்கித் தருவது அங்கே குடியிருப்பவருக்கு மட்டும். ஒரே நாளில், ஒரே வங்கிக் கணக்கில், ஒரே தொகைபோல வந்து விழுவதால் வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்ப நினைக்கும் எவரும் முதலில் தன் மாதத் தொகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேல்தொகை எதுவுமில்லாமல் வெறும் பென்ஷனில் இங்கே வாழ முடியுமா என்று கணக்குப் போட்டபின்தான் வீட்டுக்குக் கடைக்கால் எடுக்க வேண்டும்.

பிரான்சைக் குறை சொல்லும்போது ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவும் பிரான்சும் 2008இல் செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2011 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு நாட்டுச் சேவைக் காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தகுதி பார்க்கவும், ஒரு நாட்டுப் பென்ஷனை மற்ற நாட்டில் வாங்கவும் அது வழி செய்கிறது. பிரிட்டனோடு நமக்கு இப்படி ஒரு பென்ஷன் ஒப்பந்தம் இல்லை. அதன் விளைவு கொடுமையானது. பிரிட்டிஷ் அரசுப் பென்ஷனை இந்தியாவில் வாங்கலாம், ஆனால் முதன்முதலில் வாங்கிய தொகையோடு நின்றுவிடும். 2016 ஏப்ரலில் முழுத் தகுதியோடு பென்ஷன் தொடங்கி, அப்போதே திண்டிவனத்துக்கு வந்துவிட்டவருக்கு வாரம் 155.65 பவுண்டு. அவரோடு ஒரே நாளில் ஓய்வு பெற்று லண்டனிலேயே தங்கிவிட்டவர் 2025 ஏப்ரலில் 230.25 பவுண்டு வாங்கினார். லண்டன்காரர் அமெரிக்காவுக்கோ ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக்கோ குடிபோனாலும் உயர்வு தொடரும். இந்தியா, கனடா, ஆஸ்திரேலியா என்றால் உறைந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த ஆனட் கார்சன் என்ற பெண்மணி இதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போராடினார். 2010 மார்ச்சில் பெரும்பான்மைத் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. தீர்ப்பு வந்துவிட்டது என்பதால் அது நியாயமாகிவிடாது. பிரிட்டிஷ் மருத்துவமனைகளிலும் பேருந்துகளிலும் இரவுப் பணி பார்த்து ஒரே சந்தா கட்டியவர்கள் இவர்கள். அங்கே தங்கி அந்த அரசுக்கு மருத்துவச் செலவும் வைக்காமல் ஊருக்கு வந்துவிட்டவர்களுக்குக் கொடுக்கும் தண்டனை இது.

இந்தியா இந்த விஷயத்தில் பெருந்தன்மையாகவே நடந்துகொள்கிறது. தமிழக அரசில் ஓய்வு பெற்ற ஒருவர் மகனோடு லண்டனில் இருந்தாலும், விழுப்புரத்து வங்கிக் கணக்கில் அகவிலைப்படி உயர்வு ஏறிக்கொண்டுதான் இருக்கும். இதற்குப் பின்னால் ஓர் அருமையான தீர்ப்பு இருக்கிறது. 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பென்ஷன் அரசு போடும் பிச்சையோ சன்மானமோ அல்ல, செய்த வேலைக்குப் பின்னால் தரும் ஊதியம், ஓய்வூதியரின் உரிமை என்று தெளிவாக்கியது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

பிரெஞ்சு, பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இந்தப் பக்கமும் ஒரு தடை உண்டு. இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் இங்கே எத்தனை வருடமும் தங்கலாம். 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களையும் சட்டம் சேர்த்துக்கொள்கிறது, புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த வரி மிகவும் உதவியது. ஆனால் ஓ.சி.ஐ. அட்டைக்காரர் விவசாய நிலம் வாங்க முடியாது. தகப்பன் பாட்டன் விட்டுப்போனது வாரிசாக வரலாம், பக்கத்து ஏக்கரை வாங்கிச் சேர்க்க முடியாது. மணிலா போட்டு ஓய்வுக்காலத்தைக் கழிக்கலாம் என்று திண்டிவனம் பக்கம் வருகிறவர்களுக்கு இது பெரிய இடி. வருமான வரியையும் மறக்கக் கூடாது. ஒரு நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் இங்கே குடியிருப்பவர் என்று கணக்கு. பல வருடம் வெளியே இருந்துவிட்டுத் திரும்புகிறவருக்கு முதல் சில ஆண்டுகள் சலுகை உண்டு, வெளிநாட்டு வருமானத்துக்கு அப்போது வரி விழாது. சலுகைக் காலம் முடிந்ததும் கணக்கு மாறும். திரும்பி வரும் ஆண்டிலேயே ஓர் ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.

திண்டிவனத்தில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. சார்நிலைக் கருவூலத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் மற்ற அரசு ஊழியர்களும் நேர்காணலுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். இங்கேயும் வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். "மஸ்டரிங்" என்றால்தான் எல்லாருக்கும் புரியும். 2014இல் மத்திய அரசு கொண்டுவந்த ஜீவன் பிரமாண் முறையில் ஆதாரும் கைரேகையும் போதும். அஞ்சல் வங்கியின் தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய் வாங்கிக்கொண்டு பதிவு செய்து தருகிறார். படுக்கையில் கிடப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று அந்த வரிசையில் மணிக்கணக்காக முன்பு நின்றவர்களைக் கேட்டால் தெரியும்.

அங்கே ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், மகள் பிரசவத்துக்காக மனைவியோடு நியூஜெர்சி புறப்படும் அவசரத்தில் இருந்தார். திரும்பிவர எத்தனை மாதமாகும் என்று தெரியாது. பென்ஷன் நின்றுவிடும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள்.

"நிக்காது சார்" என்றார் எழுத்தர். "அங்கேருந்தே அனுப்பலாம். இந்தியத் தூதரகத்துல, இல்லாட்டி அங்க நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டு, சான்றை எங்களுக்கு அனுப்பிவைங்க. பாஸ்போர்ட் நகல் சேர்த்து வைங்க. பி.பி.ஓ. நம்பரை மட்டும் மறக்காம எழுதுங்க, நெறைய பேர் அதத்தான் விட்டுடறாங்க."

ஆசிரியர் அதை ஒரு டைரியில் எழுதிக்கொண்டார். மகள் அவர்களுக்கு கிரீன் கார்டு எடுக்கலாம் என்று சொல்வதாகவும் சொன்னார். அதன் நிபந்தனை நேர் எதிர். கிரீன் கார்டு வாங்கியவர் ஒரு வருடத்துக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால், முன்கூட்டியே மறுநுழைவு அனுமதி வாங்காத பட்சத்தில், அட்டை போய்விடலாம். அந்த அனுமதியும் இரண்டு வருடத்துக்குத்தான். திண்டிவனத்துப் பென்ஷன் அவர் எங்கே இருந்தாலும் சரி என்கிறது, அந்த அட்டை அங்கேயே இரு என்கிறது. "ஊர்ல ஆறு மாசம், அங்க ஆறு மாசம்னு இருந்துக்கலாம்" என்றார். அது நடக்கலாம், ஆனால் உத்தரவாதம் இல்லை. பயணத் தேதிகளையும் நுழைவு முத்திரைகளையும் ஒழுங்காகக் குறித்து வைக்க வேண்டும்.

இவர்கள் எல்லாருக்கும் வழிகாட்ட ஆள் இல்லை என்பதுதான் நான் போன இடமெல்லாம் பார்த்தது. உள்ளூர்ப் பென்ஷனுக்குக் கருவூலம் இருக்கிறது, ஓய்வூதியர் சங்கம் இருக்கிறது. பிரெஞ்சு, பிரிட்டிஷ், சிங்கப்பூர், மலேசியப் பணத்தை நம்பி வாழும் முதியவருக்கு இருப்பது பேரனின் செல்போனும் பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவமும்தான். 1962இல் அந்தக் குடியுரிமைக் காகிதத்தின் மதிப்பைச் சொல்ல யாருமில்லாமல் ஆறு மாதத்தைக் கடத்திய தலைமுறையின் பிள்ளைகள் இன்றும் அப்படியே நிற்கிறார்கள். டிசம்பர் 17 ஓய்வூதியர் தினத்தை ஒட்டி விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்திலும் திண்டிவனம் சார் ஆட்சியர் அலுவலகத்திலும் வெளிநாட்டுப் பென்ஷன்காரர்களுக்கென்று ஒரு முகாம் நடத்தலாம். உயிர்வாழ் சான்றில் கையெழுத்துப் போட ஒரு நோட்டரி, பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவர், ஆதாரில் பெயரைத் திருத்த ஒருவர், வருமான வரி தெரிந்த ஒருவர் உட்கார வேண்டும். திருமணத்தைப் பதிவு செய்யாத மனைவிகளின் பெயரை அன்றே எழுதி எடுத்துக்கொண்டு, பதிவுத்துறையில் முடித்துத் தர வேண்டும். கணவர்கள் உயிரோடு இருக்கும்போதே அந்தக் கடைசி வேலையாவது தொடங்கிவிட வேண்டும்.